நகல் ஏதும் வேண்டாம்

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகும் சந்தில், மருந்துக் கடையைத் தாண்டி மூன்றாவது கடை அன்புமொழியுடையது. பத்துக்குப் பத்து இடம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு ஸ்கேனர், சுவரில் ஐயனார் படம். போர்டில் கடைக்கு ஏதோ ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "அன்பு கடைக்குப் போயிட்டு வாரேன்" என்றால் மணமேல்குடி வரைக்கும் விளங்கும். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பேரை அவள் பதினாலு வருஷம் முதுகு ஒடிய உட்கார்ந்து சம்பாதித்தாள்.

மணமேல்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். பன்னிரண்டாவது முடித்ததும் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தாள். கட்டிக்கொடுத்த இடம் அறந்தாங்கி. கணவன் குணசேகரன் சவுதியில் ஏழு வருஷம் லாரி ஓட்டிவிட்டு, இடுப்பு எலும்பு தேய்ந்துபோய்த் திரும்பி வந்தவன். வந்த நாளிலிருந்து பாதி நாள் கட்டில், பாதி நாள் ஆஸ்பத்திரி. அப்புறம் இந்தப் பொம்பளை கடை போடாமல் வேறு என்ன செய்வாள்? மகள் ஹரிணி இப்போது புதுக்கோட்டையில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். இந்தச் சுற்று வட்டாரத்து ஆண்களில் பாதிப் பேர் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். பாஸ்போர்ட் எடுக்க, விசா காகிதம் அச்சடிக்க, முதியோர் பென்ஷனுக்கு எழுத, பட்டா பார்க்க என்று எல்லாவற்றுக்கும் தாயோ பெண்டாட்டியோதான் மஞ்சப்பையோடு வந்து நிற்பார்கள். அதனால் அன்புமொழி ஒரு வழக்கம் வைத்திருந்தாள். காகிதம் யாருடையதாக இருந்தாலும் கம்ப்யூட்டரில் கடைக்கு வருகிற பெண்ணின் பெயரில்தான் போட்டு வைப்பாள். மீனம்மாள் என்று தட்டினால் மீனம்மாளின் புருஷன், இரண்டு மகன்கள், மருமகன் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் வரும். அப்படி முந்நூற்று நாற்பது பெண்கள் அந்தப் பெட்டிக்குள் இருந்தார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அவளைக் கவிழ்த்தது அதுதான். எந்த விண்ணப்பம் போட்டாலும் ஒரு போன் நம்பர் கேட்கும், அதற்கு ஓ.டி.பி. வரும். வருகிற பெண்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாகப் போன் கிடையாது. இருக்கிறவர்களும் ரீசார்ஜ் முடிந்தால் நம்பரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிவிடுவார்கள். அன்புமொழி என்ன செய்தாள்? தன் பெயரில் தனியாக ஒரு சிம் வாங்கி, பழைய போன் ஒன்றில் போட்டு, கல்லாப்பெட்டி மேல் வைத்தாள். ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் அந்த ஒரே நம்பர்தான். ஒரே ஈமெயில்தான். தப்பா என்று கேட்டால் தப்புத்தான். ஆனால் அன்றைக்கு அவளிடம் அதைச் சொல்ல ஒரு நாதி இருந்ததா?

பாலாஜி என்று ஒருத்தன் வந்து சேர்ந்தான். முப்பது வயசிருக்கும். வெள்ளைச் சட்டை, வாய் நிறைய அக்கா. சென்ட்ரிங் வேலைக்கு ஆள் அனுப்புகிறேன் என்பான். மாதத்துக்கு ஒரு தடவை வெயிலில் கறுத்த கூலிக்காரர் ஒருவரைக் கூட்டி வருவான். அவருடைய ஆதாரை வைத்து ஒரு ஜி.எஸ்.டி. பதிவு போடச் சொல்வான்.

"இவருக்கு எதுக்குப்பா கம்பெனி?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"தொழில்னா அப்படித்தாங்க்கா. ஆளுக்கு ஒரு பேருல காண்ட்ராக்ட் எடுத்தாத்தான் முன்னுக்கு வர முடியும். நீங்க போடுங்க."

போட்டாள். அப்படிப் பதினொரு பதிவு. பதினொன்றுக்கும் ஓ.டி.பி. வந்தது கல்லாப்பெட்டி மேல் இருந்த போனுக்குத்தான். அந்தப் பெயர்களில் இல்லாத சரக்குக்குப் பில் போட்டுக்கொண்டு பாலாஜி எங்கேயோ கொழுத்துக்கொண்டிருந்தது இவளுக்குத் தெரியாது. தெரியாது என்று நான் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். பதினொரு கம்பெனிக்கும் ஒரே நம்பர் என்று பார்க்கிற அதிகாரி நம்புவாரா?

இது ஒரு பக்கம் இருக்கட்டும். கண்ணாத்தாளைச் சொல்ல வேண்டும். அறந்தாங்கிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். புருஷன் போய் இருபது வருஷம் ஆயிற்று. ஒரே மகன் சூர்யபிரகாஷ். அவனுக்கு முதல் பாஸ்போர்ட் விண்ணப்பம் எழுதியதே அன்புமொழிதான். போட்டோவுக்குத் தலை சீவிவிட்டதும் அவள்தான். இருபத்து மூன்று வயசில் சவுதிக்குப் போனான். அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள ஒரு நம்பர் என்று கேட்ட இடத்தில் அன்புமொழி வழக்கம்போலக் கடை நம்பரைப் போட்டாள். கண்ணாத்தாள் கடைக்கு வரும்போதெல்லாம் மடியில் முருங்கைக்கீரையோ நாலு பனங்கிழங்கோ இருக்கும். "ஏ தாயி, எம் மவன் காயிதம் எல்லாம் பத்திரமா இருக்கா?" என்று கேட்பாள். "ஒங்க பேருலதான் இருக்கு அத்தை, யாரும் தொட முடியாது" என்பாள் இவள். அதில் அந்தத் தாய்க்கு ஒரு பெருமை.

போன பங்குனியில் ஒரு திங்கட்கிழமை காலை அந்தப் போன் அடித்தது. சவுதியில் இருக்கும் தமிழர் ஒருவர், இந்த மாதிரிக் காரியங்களுக்குக் கைக்காசு போட்டு அலைகிற நல்ல மனுஷன், பேசினார். சூர்யபிரகாஷ் தூக்கத்திலேயே போய்விட்டான். மாரடைப்பு. வயசு இருபத்தாறு.

அன்புமொழி கடையை இழுத்துப் பூட்டிவிட்டு டவுன் பஸ் ஏறிப் போனாள். கண்ணாத்தாள் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததுமே கையிலிருந்த குழையைப் போட்டுவிட்டாள். எப்படிச் சொன்னாள், என்ன வார்த்தை சொன்னாள் என்று பிற்பாடு அன்புமொழியால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அந்த அழுகையை எழுத எனக்கும் தெம்பில்லை. சாயந்தரம் அழுகை ஓய்ந்த நேரத்தில் அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எம் மவன் மூஞ்சிய ஒருக்காப் பாக்கணும். அவன் வாயில ஒரு பிடி அரிசி போடணும். அதுக்கு மட்டும் வழி பண்ணு தாயி. வேற எதுவும் நான் ஒங்கிட்டக் கேக்க மாட்டேன்."

"பண்றேன் அத்தை. நான் இருக்கேன்ல."

உடலை ஊருக்கு அனுப்ப என்னென்ன வேண்டும் என்று சவுதித் தமிழர் போனில் சொன்னார். பெற்றவள் கொடுக்கும் அதிகாரக் கடிதம், வாரிசு என்பதற்குத் தாலுகா ஆபீஸ் சீல், மகனின் பாஸ்போர்ட் நகல், வேலை ஒப்பந்த நகல். "வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள எல்லாம் என் கைக்கு வந்துருச்சுன்னா ஞாயிறு ஃபிளைட்ல திருச்சிக்கு ஏத்திருவேன் தங்கச்சி. வியாழனை விட்டுட்டா வாராந்தர லீவு, அதைத் தொட்டுப் பெருநாள் லீவு. பன்னெண்டு நாளைக்கு ஒரு ஆபீசும் தெறக்காது."

செவ்வாயும் புதனும் அன்புமொழி கண்ணாத்தாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலைந்தாள். வி.ஏ.ஓ., நோட்டரி, தாலுகா ஆபீஸ். தெரிந்த குமாஸ்தாக்களின் காலில் விழாத குறைதான். புதன்கிழமை சாயந்தரம் ஆறரைக்குச் சீல் விழுந்தது. கண்ணாத்தாளைக் கடைசிப் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கடைக்கு வந்தாள். ஸ்கேன் பண்ணி அனுப்பப் பத்து நிமிஷம் போதும்.

ஆனால் வந்த கையோடு ஐயனார் படத்துக்கு விளக்கு ஏற்றிவிட்டாள். விளக்கு வைத்த பிறகு சாவுக் காகிதம் எதையும் அவள் கடையில் தொடுவதில்லை. கடை ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி. காலையில் முதல் வேலையாக அனுப்பிவிடலாம், மத்தியானம் வரைக்கும் நேரம் கிடக்கிறதே என்று கடிதத்தை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினாள். அட பாவி மகளே, பத்து நிமிஷ வேலை! அந்த விளக்கு ஒரு நாள் கோபித்துக்கொண்டால்தான் என்ன?

வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குக் கடையைத் திறந்து, கூட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். சந்து முனையில் ஒரு கார் நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தது ஒரு பெண் அதிகாரி, நாற்பத்தைந்து வயசிருக்கும், காட்டன் புடவை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அன்புமொழி நீங்கதானே? வரி இலாகாவிலேர்ந்து வர்றோம். இந்தக் கடையைச் சோதனை போடுறதுக்கான உத்தரவு இது. படிச்சுப் பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க."

எழுத்தெல்லாம் கண்ணுக்கு முன்னால் நெளிந்தது. "நான் என்ன மேடம் பண்ணுனேன்?"

"ஒங்க நம்பர்ல பதினொரு கம்பெனி ஓடுதும்மா. ஒண்ணுலகூடச் சரக்கு இல்ல. வெறும் பில்லு."

இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றார்கள். எதிர்த்த டீக்கடைக் கண்ணுசாமியையும் மருந்துக் கடையில் நின்ற ஒருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மற்றவர்களில் ஒருவர் போனில் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார். இன்னொருவர் கம்ப்யூட்டரின் வயர்களைப் பிடுங்கினார். கல்லாப்பெட்டி மேல் இருந்த போனை அணைத்து ஒரு கவருக்குள் போட்டார்கள். சந்துக்குள் கூட்டம் கூடிவிட்டது. நேற்றுவரை "அன்பு, அன்பு" என்று வந்து நின்ற பொம்பளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "என்னடி திருட்டுக் கேசா?" என்று ஒருத்தி கேட்டது காதில் விழுந்தது. அன்புமொழிக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. அதை நான் சொல்லியே ஆக வேண்டும், பிற்பாடு ஊரே அவரைத் தூற்றியது. டிராயரைத் திறந்து கையெழுத்துப் போட்ட காகிதங்களைக் கட்டாகக் கட்டும்போது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, இதுல, இல்ல கம்ப்யூட்டர்ல, ஒங்களுக்கு அவசரமா வேணுங்கிறது ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க. எங்க முன்னாடியே காப்பி எடுத்துக்கலாம். அதுக்குச் சட்டத்துல ஒங்களுக்கு உரிமை இருக்கு."

கண்ணாத்தாள் நினைவு வரவில்லையா? வந்தது. முதலில் வந்ததே அதுதான். அந்தக் கட்டில் மேலிருந்து மூன்றாவது காகிதம். வாயைத் திறந்தால் போதும்.

ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது. பாஸ்போர்ட் நகல் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரை மறுபடி மாட்ட வேண்டும். கண்ணாத்தாள் பெயரைத் தட்டும்போது மற்ற முந்நூற்று முப்பத்தொன்பது பெயரும் திரையில் வரிசையாக வந்து நிற்கும். ஊர் முழுக்கப் பாஸ்போர்ட், விசா, கையெழுத்துக் காகிதம். ஆறு மாதம் முன்னால்தான், லைசென்ஸ் இல்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பினான் என்று அடுத்த தெருவில் ஒருத்தனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இதைப் பார்த்தால் நம்மையும் ஏஜென்ட் என்று எழுதிவிட மாட்டார்களா? ஒரு கேஸுக்கு இரண்டு கேஸ் ஆகுமே? காலேஜில் ஹரிணியை யார் பார்ப்பார்கள், கட்டிலில் கிடக்கிற மனுஷனை யார் தூக்கி உட்கார வைப்பார்கள்? அந்த அரை நிமிஷத்தில் இத்தனையும் ஓடியது. வாசலில் நின்ற கூட்டம் வேறு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

"ஒண்ணும் வேணாம்" என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சீல் வச்சுட்டா லேசுல பிரிக்க முடியாது."

"அதான் வேணாங்கிறேன்ல! எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. என் மானத்தையும் சேத்து எடுத்துட்டுப் போங்க."

சோதனையில் நடந்ததை எழுதிக்கொண்டிருந்த மகஜரில் அதையும் ஒரு வரியாக எழுதச் சொன்னார் அதிகாரி. "நகல் ஏதும் வேண்டாம் என்று கடைக்காரர் தெரிவித்தார்." கடைசியில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினார்கள். அன்புமொழி கையெழுத்துப் போட்டாள். கண்ணுசாமியும் போட்டார். போடும்போது அவளை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். பெட்டிகளைத் துணியில் கட்டி அரக்கு முத்திரை வைத்துக் காரில் ஏற்றியபோது மணி ஒன்றே கால்.

கார் கிளம்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வெறும் மேஜை. வெறும் டிராயர். ஐயோ என்று வாயிலடித்துக்கொண்டு சந்து முனை வரைக்கும் ஓடினாள். பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் கார் எந்தப் பக்கம் போனதென்றுகூடத் தெரியவில்லை.

சவுதித் தமிழரின் நம்பரும் அந்தப் போனுக்குள்தான் இருந்தது. அன்று சாயந்தரம் ஒரு வக்கீலைப் பார்த்தாள். அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு அவர் பதறிப் போனார். "சாட்சியத்தைக் கலைச்சீங்கன்னு அதுக்குத் தனியாக் கேஸ் வரும். தொடாதீங்க. எழுத்து மூலமா மனுப் போடுங்க, நகல் தருவாங்க." வெள்ளிக்கிழமை மனுப் போட்டாள். சீலைப் பிரிக்க மேலிடத்து உத்தரவு வேண்டும், அந்த இரண்டு சாட்சிகளும் வர வேண்டும் என்றார்கள். கண்ணுசாமி கடையை அடைத்துவிட்டு வந்தார். அடுத்த புதன்கிழமை நகல் கிடைத்தது. சும்மா சொல்லக் கூடாது, அவர்கள் வேகமாகத்தான் செய்தார்கள். கொடுக்கும்போது அந்தப் பெண் அதிகாரி காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்தார்.

"அன்னிக்கே கேட்டேனேம்மா" என்றார். "ரெண்டு தடவை கேட்டேனே."

அந்த வாரம் முழுக்க அங்கே அந்தத் தமிழர் அணைத்து வைத்த போனுக்கு அடித்து அடித்து ஓய்ந்திருந்தார். இவள் காகிதங்களை அனுப்பியபோது ஞாயிறு ஃபிளைட் போய்விட்டது. பெருநாள் லீவு ஆரம்பித்திருந்தது. லீவு முடிந்து ஆபீஸ் திறந்தபோது முன்னால் முப்பது பேருடைய காகிதம் காத்துக் கிடந்தது. இதற்குள் கண்ணாத்தாள் தினம் காலைப் பஸ்ஸில் வந்து வெறும் கடையின் படியில் உட்கார்ந்துகொள்வாள். "வந்துருமா தாயி?" என்று கேட்பாள்.

"வந்துரும் அத்தை. எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்கல்ல, அதான் தாமசம்."

பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அந்தப் பாதி உண்மையை ஒரு தடவை சொன்னாள், பிறகு பத்துத் தடவை சொன்னாள். சொல்லச் சொல்ல நாக்கு பழகிவிட்டது.

செத்து முப்பத்திரண்டாம் நாள் பெட்டி வந்தது. திருச்சியிலிருந்து ஆம்புலன்ஸ் மத்தியானம் ஊருக்குள் நுழைந்தது. தகரம் வைத்து அடைத்த மரப் பெட்டி, மேலே ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "அதுல என்னமோ எழுதியிருக்கு, படி அன்பு" என்றார்கள் பெரியவர்கள். அங்கே ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். படித்தாள். பெட்டியைத் திறக்கக் கூடாது, நாள் கடந்துவிட்டது என்று எழுதியிருந்தது. அதைத் தமிழில் அந்தத் தாயிடம் சொல்ல வேண்டியதும் அவள்தான்.

கண்ணாத்தாள் கையில் அரிசியோடு நின்றாள். குளித்து ஈரப் புடவையோடு நின்றாள். "ஒருக்காத் தெறங்கப்பா. எப்படி இருந்தாலும் எம் பிள்ளதானே? நான் பயப்பட மாட்டேன்ப்பா" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. கடைசியில் ஆம்புலன்ஸ்காரர் ஒரு ஓரத்தைத் தொட்டு, "தலைமாடு இங்கிட்டும்மா" என்றார். அவள் அந்தப் பலகைமேல் அரிசியைப் போட்டாள். அரிசி நிற்காமல் சரிந்து மண்ணில் விழுந்தது. குனிந்து பொறுக்கிப் பொறுக்கி மறுபடி போட்டாள். அன்புமொழிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் என்றிருந்தது.

புதைத்துவிட்டு வந்த பிறகு, "அந்த ஆபீசருக கைல புழுப் பிடிக்கட்டும்" என்று கண்ணாத்தாள் மண்ணை வாரித் தூற்றினாள். ஊரே சேர்ந்து தூற்றியது. அப்புறம் அன்புமொழியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ அலைஞ்ச அலைச்சல் எனக்குத் தெரியுந்தாயி. எம் வயித்துல பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா" என்று அழுதாள். அன்புமொழியும் அழுதாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

பாலாஜி ஓசூர்ப் பக்கம் பிடிபட்டான். விசாரணையில் அன்புமொழிக்குப் பங்கில்லை என்று தெரிந்து அவளைச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். ஏஜென்ட் என்று யாரும் சொல்லவில்லை. முந்நூற்று நாற்பது பெயரையும் பார்த்தார்களாம், பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்களாம். எதற்குப் பயந்தாளோ அது வரவே இல்லை. ஐப்பசியில் கம்ப்யூட்டர், போன், காகிதக் கட்டு எல்லாம் திரும்பி வந்தன. கடையில் மறுபடி கூட்டம். திருட்டுக் கேசா என்று கேட்டவளே பென்ஷனுக்கு எழுத வந்து நின்றாள். அன்புமொழி இப்போதெல்லாம் யாரோடும் சிரித்துப் பேசுவதில்லை. வருகிறவர்களிடம் அவரவர் நம்பரைக் கொண்டுவாருங்கள் என்று எரிந்து விழுந்தாள். வீட்டில் சோறு இறங்கவில்லை. குணசேகரன் கேட்டால், "ஒண்ணுமில்ல, வெயிலு" என்பாள். வெளியே அடைமழை பெய்துகொண்டிருக்கும்.

கார்த்திகை பிறந்து ஒரு சனிக்கிழமை கண்ணாத்தாள் வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். மடியில் கீரை இல்லை.

"தாயி, திங்கக்கெழம கலெக்டரு மனு வாங்குறாராம்ல? ஒரு மனு எழுதிக் குடு."

"எதுக்கு அத்தை?"

"அந்த ஆபீசருக மேல. எம் மவன் மூஞ்சியப் பாக்கவிடாமப் பண்ணுனாங்கல்ல? இன்னொருத்திக்கு இப்படிப் பண்ணக் கூடாது. அவங்க வேல போகணும். நீதான் நல்லா எழுதுவியே, படிக்கிறவங்க நெஞ்சு அறுந்து போற மாதிரி எழுது."

கண்ணாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதிக் கொடுத்தாலும் கையெழுத்து என்று தன் பெயரைப் பொம்மை போல வரைந்துவிட்டுப் போவாள். அன்புமொழி பெறுநர் எழுதினாள், ஐயா என்று எழுதினாள். என் ஒரே மகன் சூர்யபிரகாஷ் என்று ஆரம்பித்து நாலு வரி ஓடியது. வரி அதிகாரிகள் என்ற சொல் வந்ததும் விரல் நின்றுவிட்டது. இதை இப்படியே எழுதினால் இந்த அம்மாள் போகிற வரைக்கும் தன்னை மகளாக வைத்துக்கொண்டே போவாள். அந்தப் பெண் அதிகாரிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகும். அவர் மகஜரைக் காட்டுவார். காட்டாவிட்டாலும்தான் என்ன?

எழுந்துபோய் அலமாரியிலிருந்து மகஜர் நகலை எடுத்து வந்தாள். கண்ணாத்தாள் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, இது அன்னிக்கு அவங்க எழுதுனது. இதுல ஒரு வரி இருக்கு. வாசிக்கிறேன், கேளுங்க."

வாசித்தாள். கண்ணாத்தாளுக்கு விளங்கவில்லை.

"என்ன தாயி சொல்ற?"

"ஒங்க காகிதம் அவங்க கையில இருந்துச்சு. அவசரமானது இருந்தா எடுத்துக்கன்னு அந்தம்மா என்கிட்டக் கேட்டாங்க. ரெண்டு தடவை கேட்டாங்க. நான் வேணாம்னுட்டேன்."

வெளியே மழை வலுத்தது. கண்ணாத்தாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறந்துட்டியா?"

"இல்ல அத்தை. நெனப்பு இருந்துச்சு."

"நெனப்பு இருந்துச்சா?"

"பயந்துட்டேன். கம்ப்யூட்டரத் தெறந்தா இன்னொரு கேசு வந்துருமோன்னு பயந்துட்டேன்."

"எடுத்துக் குடுத்திருந்தா அந்த ஞாயித்துக்கெழமயே வந்திருப்பானா?"

"வந்திருப்பான்."

"மூஞ்சியப் பாத்திருப்பேனா?"

அன்புமொழி ஆம் என்று தலையை ஆட்டினாள். திட்டுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தாள். ஏழு மாதமாக அதைத்தான் அவள் மனசு கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணாத்தாள் அதையும் கொடுக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

"எழுது."

"என்னத்த அத்தை?"

"மனுதான். ஒம் மேல எழுது."

அன்புமொழி எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் ஆயிரக்கணக்கில் மனு எழுதியவள். எதை முதலில் சொல்ல வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்பதெல்லாம் கைக்குத் தெரியும். வரி அதிகாரிகள் என்ற இடத்தை அழித்துவிட்டுத் தன் பெயரையும், புருஷன் பெயரையும், கடை விலாசத்தையும் போட்டாள். புதன்கிழமை சாயந்தரமே அனுப்பாமல் வைத்ததை எழுதினாள். அதிகாரி கேட்டதை எழுதினாள். தான் சொன்ன பதிலை எழுதினாள். பிறகு ஏழு மாதம் மறைத்ததை எழுதினாள். ஒரு பக்கத்துக்குள் முடிந்தது.

"வாசி" என்றாள் கண்ணாத்தாள்.

வாசித்தாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. கண்ணாத்தாள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். "மேற்படி அன்புமொழி, தன்மேல் வேறு வழக்கு வந்துவிடும் என்ற பயத்தால், நகல் ஏதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்" என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"பயத்தாலன்னு போட்டிருக்கியா?"

"ஆமா அத்தை. அதான் நெசம்."

"நெசமா இருக்கட்டும். அது ஒன்னோடது. எம் மனுவுல எதுக்கு? அத எடு."

அன்புமொழி அந்த வரியில் பயம் இருந்த இடத்தை எல்லாம் அழித்தாள். மறுபடி வாசித்துக் காட்டினாள். மேற்படி அன்புமொழி நகல் ஏதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கண்ணாத்தாள் சரி என்று தலையசைத்தாள். இரண்டு பிரதி அச்சடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, பேனாவையும் சேர்த்து அவளிடம் நீட்டினாள்.